கிட் ஸ்டேட்டஸ் ஏன் மெதுவாகிறது? ஒரு கோப்பு மாறியது அதற்கு எப்படித் தெரிகிறது?

நீங்கள் எழுதியிருப்பதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். நிரல் கோப்புகளின் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் கருவியை வைத்து வேலை செய்கிறீர்கள். உங்கள் ரெப்போவில் (கோப்புகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் களஞ்சியம்) ஏறக்குறைய 2 லட்சம் கோப்புகள் இருக்கின்றன. எந்தக் கோப்புகள் மாறின என்று சொல்லும் 'கிட் ஸ்டேட்டஸ்' கட்டளை பதில் சொல்ல 10 வினாடிக்கு மேல் ஆகிறது. பில்டுக்காக (மூல நிரலை ஓடும் நிரலாக்குவதற்காக) அதே ரெப்போவை ஒரு கண்டெய்னருக்குள் (தனித்து ஓடும் சூழலுக்குள்) நகலெடுத்தால் முதல் தடவை இன்னும் மோசம். போதாக்குறைக்கு, யாரும் ஓர் எழுத்தைக்கூட மாற்றாத நிலையிலும் பில்ட் எண்ணுக்குப் பின்னால் 'டர்ட்டி' (பதிவு செய்யாத மாற்றம் இருக்கிறது) என்று ஒட்டிக்கொண்டு வருகிறது. உடன் வேலை செய்பவர் எல்லாக் கோப்புகளுக்கும் 'அஸ்யூம் அன்சேஞ்ச்டு' (மாறவில்லை என்றே வைத்துக்கொள்) என்ற கொடியைப் போட்டுவிடச் சொல்கிறார். கிட் ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்பையும் படித்து ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) போடுகிறதா, இந்த யோசனையை ஏற்கலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வேகம் ஒன்று, கோப்பின் நிலையை கிட் சரியாகத்தான் அறிகிறதா என்பது இன்னொன்று. இரண்டாவதுக்குப் பதில் தெரிந்தால் முதலாவது பாதி தீர்ந்துவிடும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். பெரிய ரெப்போக்களைப் பராமரிப்பதும் பில்ட் கருவிகளைக் கட்டுவதும்தான் பல ஆண்டுகளாக என் வேலை. ஆனால் உங்கள் கணினியை நான் பார்க்கவில்லை. ஆகவே எது நிச்சயம், எது என் ஊகம் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

நிச்சயமானது முதலில். கிட் ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்பையும் படிப்பதில்லை. 'டாட் கிட்' டைரக்டரிக்குள் இண்டெக்ஸ் என்று ஒரு பைனரி கோப்பு இருக்கிறது. கிட் கண்காணிக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் அதில் ஒரு பதிவு உண்டு. கோப்பின் பாதை, உள்ளடக்கத்தின் ஹாஷ், அதோடு கடைசியாகப் பார்த்தபோது இயங்குதளம் அந்தக் கோப்பைப் பற்றிச் சொன்ன விவரங்கள்: உள்ளடக்கம் மாறிய நேரம் (எம்டைம்), ஐநோடு (கோப்பைப் பற்றிக் கோப்பு முறைமை வைத்திருக்கும் பதிவு) விவரம் மாறிய நேரம் (சிடைம்), எந்த டிவைஸ், ஐநோடு எண், அனுமதிகள், உரிமையாளர், குழு, அளவு. பரவலாக இருக்கும் 2ஆம் பதிப்பு வடிவத்தில் இந்த விவரங்களுக்கு 40 பைட், ஹாஷுக்கு 20, கொடிகளுக்கு 2, ஆக 62 பைட். அதற்கு மேல் பாதையின் நீளம். 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்' கட்டளையை 'டீபக்' விருப்பத்தோடு ஓட்டினால் இவை அப்படியே திரையில் வரும். ஒரு கோப்புக்கு ஆறு வரி. நேரங்கள் வினாடியாகவும் நானோவினாடியாகவும் பிரிந்து, கீழே டிவைஸ், ஐநோடு, அளவு என்று. இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இனி நான் சொல்லப்போவது எல்லாம் அந்த ஆறு வரியைப் பற்றித்தான்.

ஸ்டேட்டஸ் கேட்டவுடன் கிட் ஒவ்வொரு கோப்புக்கும் 'எல்ஸ்டாட்' என்ற சிஸ்டம் கால் ஒன்றை, அதாவது கோப்பின் விவரம் கேட்டு இயங்குதளத்துக்கு ஓர் அழைப்பை, விடுகிறது. திரும்பி வந்த விவரம் இண்டெக்ஸில் உள்ளதோடு ஒத்துப்போனால் கோப்பைத் திறப்பதே இல்லை, மாறவில்லை என்று எடுத்துக்கொள்கிறது. அளவு வேறாக இருந்தாலோ, பெரும்பாலும் அதுவே போதும், மாறிவிட்டது. அளவு அதே, நேரமோ ஐநோடோ மட்டும் வேறு என்றால்தான் கோப்பைப் படித்து ஹாஷ் போட்டு ஒப்பிடுகிறது. ஹாஷ் பழையதேயென்றால் 'இந்தக் கோப்பு மாறவில்லை, விவரம் மட்டும் மாறியிருக்கிறது' என்று இண்டெக்ஸில் புதிய விவரத்தைக் குறித்துவைக்கிறது. அடுத்த முறை அந்தக் கோப்பைப் படிக்க வேண்டியதில்லை. ஸ்டேட்டஸ் என்பது வெறும் வாசிப்புக் கட்டளை என்று பலர் நினைக்கிறார்கள். இயலும்போது அது இண்டெக்ஸைத் திருத்தி எழுதவும் செய்யும் என்பதை மனதில் வையுங்கள், உங்கள் கண்டெய்னர் பிரச்சினையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு நுணுக்கம். ஒரு கோப்பை 'கிட் ஆட்' (இண்டெக்ஸில் சேர்) செய்கிறீர்கள், அதே நொடிக்குள் அதை மறுபடி திருத்துகிறீர்கள், அளவும் தற்செயலாக அதேதான். நேரம் வினாடிக் கணக்கில்தான் பதிவாகிறது என்றால், எம்டைம் அதே, அளவு அதே, ஐநோடு அதே. ஆனால் உள்ளடக்கம் வேறு. கிட் ஏமாந்துவிடாதா? ஏமாறாது. இண்டெக்ஸ் கோப்புக்கே ஒரு எம்டைம் இருக்கிறதே, அதையும் கிட் பார்க்கிறது. ஒரு கோப்பின் எம்டைம் இண்டெக்ஸ் எழுதப்பட்ட நேரத்துக்குச் சமமாகவோ பிந்தியோ இருந்தால், அந்தப் பதிவை நம்பாமல் உள்ளடக்கத்தையே ஒப்பிட்டுப் பார்க்கும். இண்டெக்ஸை மறுபடி எழுதும் வேளையிலும் இப்படிச் சந்தேகத்துக்கு உரியவற்றைச் சோதித்து, உண்மையில் மாறியிருந்தால் பதிவில் அளவை 0 என்று மாற்றிவைக்கும். அப்போது அடுத்த ஒப்பீட்டில் அது தப்பிக்க முடியாது. இவ்வளவு சிறிய ஓட்டையை இவ்வளவு சிக்கனமாக அடைத்திருப்பது கிட்டில் எனக்கு மிகப் பிடித்த இடங்களில் ஒன்று. நடைமுறையில் இதன் விளைவு: பெரிய செக்அவுட் (ரெப்போவிலிருந்து கோப்புகளை வட்டில் எழுதுவது) முடிந்த கையோடு ஓடும் முதல் ஸ்டேட்டஸ் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கலாம். கடைசி நொடியில் எழுதப்பட்ட கோப்புகளை அது திறந்து பார்த்தாக வேண்டும்.

இப்போது உங்கள் கண்டெய்னர். ரெப்போவை நகலெடுக்கும்போது எம்டைம் காப்பாற்றப்பட்டாலும், சிடைமும் ஐநோடும் டிவைஸ் எண்ணும் புதியவை. பெரும்பாலும் உரிமையாளரும் மாறியிருப்பார். 'டாட் கிட்'டுக்குள் கூடவே வந்த இண்டெக்ஸோ பழைய இடத்தின் விவரங்களை வைத்திருக்கிறது. 2 லட்சம் பதிவுகளில் ஒன்றுகூட ஒத்துப்போகாது. ஆகவே கிட் 2 லட்சம் கோப்பையும் படித்து ஹாஷ் போடுகிறது. விவரம் கேட்பதை மட்டுமே கிட் பல இழைகளில் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைப் பிரிவுகளில்) பிரித்துச் செய்கிறது, உள்ளடக்கத்தை ஒப்பிடுவது ஒன்றன்பின் ஒன்றாகத்தான். எத்தனை கோர் இருந்தாலும் இங்கே பயனில்லை. முதல் தடவை மோசமாவதற்கு இதுதான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

'டர்ட்டி' ஒட்டிக்கொள்வதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், எது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். என் முதல் ஊகம்: உங்கள் பில்ட் ஸ்கிரிப்ட் 'கிட் டிஃப்-இண்டெக்ஸ்' கட்டளையின் வெளியேறும் குறியீட்டை (முடிந்ததும் அது தரும் எண்ணை) வைத்து முடிவெடுக்கிறது. ஸ்டேட்டஸ் போல அது இண்டெக்ஸைப் புதுப்பிக்காது. விவரம் ஒத்துப்போகவில்லையா, மாறியிருக்கலாம் என்று அப்படியே சொல்லிவிடும். இந்தத் தொல்லைக்கு ஒரு குணம் உண்டு. என்ன மாறியிருக்கிறது பார்ப்போம் என்று கண்டெய்னருக்குள் போய் 'கிட் ஸ்டேட்டஸ்' அல்லது 'கிட் டிஃப்' அடித்தால் அந்தக் கட்டளையே இண்டெக்ஸைச் சரிசெய்துவிடும். அப்புறம் ஸ்கிரிப்டை ஓட்டினால் எல்லாம் சுத்தமாக இருக்கும். தேடப் போனவருக்கு எதுவும் சிக்காது, அடுத்த பில்டில் மறுபடி வரும். ஸ்கிரிப்டில் அந்த வரிக்கு முன்னால் 'கிட் அப்டேட்-இண்டெக்ஸ்' கட்டளையை 'ரெஃப்ரெஷ்' விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டுங்கள், போதும். அதன் பிறகும் டர்ட்டி வந்தால் மாற்றம் உண்மையானது. 'கிட் டிஃப்' வெளியீட்டில் பழைய மோட் 100644, புதிய மோட் 100755 என்று வரிசையாக வந்தால், அந்தக் கோப்பு முறைமை இயக்க அனுமதியை ஒழுங்காகக் காப்பாற்றவில்லை. அங்கே 'கோர் ஃபைல்மோட்' அமைப்பை அணைக்க வேண்டும். முழுக் கோப்பும் மாறியதுபோல் காட்டினால் வரி முடிவு எழுத்துகளின் சிக்கல். அதை ஒவ்வொருவர் கணினியிலும் அமைப்பாக வைக்காமல் 'கிட் ஆட்ரிபியூட்ஸ்' கோப்பில் எழுதி ரெப்போவோடு கமிட் செய்துவிடுவதுதான் (வரலாற்றில் பதிந்துவிடுவதுதான்) நிலையான வழி.

இதோடு சேர்த்துச் சோதிக்க வேண்டிய இன்னொன்று. கண்டெய்னருக்குள் ரெப்போவை வாசிப்புக்கு மட்டும் என்று இணைத்திருக்கிறீர்களா? அப்படியானால் கிட் 2 லட்சம் கோப்பையும் படித்துப் பார்த்த பிறகு, கண்டறிந்ததை எழுதிவைக்க இடமில்லாமல் எறிந்துவிடும். அடுத்த முறையும் முழு வேலை, அதற்கடுத்த முறையும் முழு வேலை. சில எடிட்டர்களும் டெர்மினல் பிராம்ப்ட் கருவிகளும் பின்னணியில் ஸ்டேட்டஸ் ஓட்டும்போது உங்கள் வேலையில் குறுக்கிடாமலிருக்க, இண்டெக்ஸைப் பூட்டவே வேண்டாம் என்று கிட்டிடம் சொல்லிவிடும். 2.15 பதிப்பிலிருந்து அதற்கென்று ஒரு விருப்பம் இருக்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் அப்படி ஓடும் ஸ்டேட்டஸ் எதையும் சேமிக்காது. எடிட்டர் நாள் முழுக்கத் திணறிக்கொண்டிருக்க, டெர்மினலில் ஒருமுறை கையால் 'கிட் ஸ்டேட்டஸ்' அடித்தவுடன் எல்லாம் சீராகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, சாதாரண நாளில் உங்கள் கணினியிலேயே ஆகும் அந்த 10 வினாடிக்கு வருவோம். இங்கே ஊகிப்பதைவிட அளப்பதே நல்லது, அளக்கக் கருவி கிட்டுக்குள்ளேயே இருக்கிறது. 'கிட்_டிரேஸ்2_பெர்ஃப்' என்ற சூழல் மாறியைப் பேரெழுத்தில், மதிப்பு 1 என்று கொடுத்து ஸ்டேட்டஸை ஓட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று வரி வரியாக வரும். 'ப்ரீலோட்', 'ரெஃப்ரெஷ்' என்ற வரிகள் கண்காணிக்கப்படும் கோப்புகளிடம் விவரம் கேட்ட நேரம். 'இண்டெக்ஸ்' என்று பெயரிட்ட பகுதி, கடைசி கமிட்டோடு இண்டெக்ஸை ஒப்பிட்ட நேரம். 'அன்ட்ராக்டு' என்ற பகுதி, கண்காணிக்கப்படாத புதிய கோப்புகளைத் தேடி டைரக்டரி டைரக்டரியாக அலைந்த நேரம். இந்த மூன்றில் எது பெரியது என்று தெரியாமல் இணையத்தில் கண்ட அமைப்புகளை எல்லாம் ஒன்றாக இயக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு மருந்தும் ஒரு நோய்க்குத்தான்.

முதல் பகுதி பெரிதாக இருந்தால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லினக்ஸில், உள்ளூர் வட்டில், விவரங்கள் ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும்போது ஒரு எல்ஸ்டாட் மைக்ரோவினாடிக் கணக்கில் முடிந்துவிடும். 2 லட்சம் கேட்டாலும் ஒரு வினாடியைத் தொடாது. லினக்ஸ் கெர்னல் ரெப்போவில் 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட கோப்புகள் இருக்கின்றன. ஓரளவு நல்ல லேப்டாப்பில் ஸ்டேட்டஸ் கண்ணிமைப்பதற்குள் வந்துவிடும். ஆனால் கோப்புகள் நெட்வொர்க்குக்கு அந்தப் பக்கம் இருந்தால் ஒவ்வொரு கேள்வியும் போய்த் திரும்ப வேண்டும். ஒரு பயணத்துக்கு 1 மில்லிவினாடி என்றாலே 2 லட்சத்துக்கு 200 வினாடி. கிட் 500 கோப்புக்கு ஓர் இழை என்ற கணக்கில், அதிகபட்சம் 20 இழைகளாகப் பிரித்துக் கேட்கிறது. அந்த 'ப்ரீலோட் இண்டெக்ஸ்' வசதி 2.1 பதிப்பிலிருந்து தானாகவே இயங்குகிறது. 200 வினாடியை 20 இழைக்குப் பிரித்தால் 10 வினாடி. நீங்கள் சொன்ன எண்ணும் அதுதான். தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் உங்கள் ரெப்போ நெட்வொர்க் டிரைவில் இருக்கிறதா, விண்டோஸ் டிரைவில் வைத்துக்கொண்டு டபிள்யூஎஸ்எல்லுக்குள்ளிருந்து (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) அணுகுகிறீர்களா என்பதை முதலில் பாருங்கள். டபிள்யூஎஸ்எல் 2இல் விண்டோஸ் டிரைவைத் தொடும் ஒவ்வொரு அழைப்பும் நெட்வொர்க் கோப்புப் பகிர்வு போன்ற ஓர் அடுக்கைக் கடந்துதான் போகிறது. அப்படியென்றால் எந்த அமைப்பையும் தொட வேண்டாம், ரெப்போவை லினக்ஸ் பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். அதைவிட மோசம், ஒரே ரெப்போவை விண்டோஸ் கிட்டாலும் லினக்ஸ் கிட்டாலும் மாற்றி மாற்றித் தொடுவது. ஒன்று எழுதிய விவரம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. இது ஹாஷ் போட்டுத் திருத்தியதை அது மறுபடி ஹாஷ் போட்டுத் திருத்தும்.

அன்ட்ராக்டு பகுதி பெரிதாக இருந்தால் (நான் பார்த்த ரெப்போக்களில் பெரும்பாலும் குற்றவாளி இதுதான்) முதலில் 'கிட் இக்னோர்' கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரு டைரக்டரியின் பெயரையே புறக்கணிக்கச் சொல்லியிருந்தால், அதற்குள் கண்காணிக்கப்படும் கோப்பு எதுவும் இல்லாதவரை கிட் உள்ளே நுழையாது. வெளி நூலகங்கள் நிரம்பிய 'நோடு மாட்யூல்ஸ்' டைரக்டரி போன்ற ஒன்றை அப்படி ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம். மாறாக, பில்ட் வெளியீடுகளை கோப்பு நீட்சியை வைத்து மட்டும், நட்சத்திரக் குறி போட்டு ஒதுக்கியிருந்தால், கிட் ஒவ்வொரு டைரக்டரிக்குள்ளும் இறங்கி ஒவ்வொரு பெயரையும் அந்த வடிவங்களோடு ஒப்பிட்டாக வேண்டும். விளைவு ஒன்றே, செலவு பல மடங்கு. பில்ட் வெளியீடு எல்லாவற்றையும் ஒரே டைரக்டரிக்குக் கீழே கொட்டச் செய்து, அந்த டைரக்டரியை ஒதுக்குவது எந்த நவீன வசதியையும்விட அதிகம் உதவும்.

அதற்கும் மேலே 'அன்ட்ராக்டு கேஷ்' இருக்கிறது. ஒரு டைரக்டரிக்குள் கோப்பு புதிதாக வந்தாலோ நீங்கினாலோதான் அந்த டைரக்டரியின் எம்டைம் மாறும். உள்ளிருக்கும் கோப்பின் உள்ளடக்கம் மாறினால் மாறாது. ஆகவே டைரக்டரியின் எம்டைமும் இக்னோர் விதிகளும் அப்படியே இருந்தால், போன முறை கண்ட பட்டியலையே மறுபடி பயன்படுத்தலாம். இந்தப் பட்டியலை இண்டெக்ஸின் ஒரு நீட்சியாகவே கிட் சேமித்துவைக்கிறது. எல்லாக் கோப்பு முறைமையும் டைரக்டரி நேரத்தை இந்த ஒழுங்கில் பராமரிப்பதில்லை. அதனால் இயக்குவதற்கு முன் 'அப்டேட்-இண்டெக்ஸ்' கட்டளையில் உள்ள 'டெஸ்ட் அன்ட்ராக்டு கேஷ்' விருப்பத்தை ஓட்டுங்கள். அது தற்காலிகமாக ஒரு டைரக்டரியை உண்டாக்கி, கோப்புகளைச் சேர்த்து, நீக்கி, நேரம் சரியாக மாறுகிறதா என்று அங்கேயே சோதித்துச் சொல்லும். சில வினாடி ஆகும், பொறுத்திருங்கள். எதுவும் செய்ய மனமில்லை, புதிய கோப்புகளின் பட்டியல் எனக்கு வேண்டாம் என்றால் ஸ்டேட்டஸில் அதைக் காட்டாதே என்று சொல்லிவிடலாம். ஆனால் புதிதாக எழுதிய கோப்பைச் சேர்க்க மறந்து கமிட் செய்வது இதனால்தான் நடக்கும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மீதமுள்ள 'இண்டெக்ஸ்' பகுதி அநேகமாகச் சிறிதாகவே இருக்கும், ஏனென்றால் மாறாத டைரக்டரிகளின் ட்ரீ ஹாஷையும் (டைரக்டரி முழுவதற்குமான ஒரே ஹாஷ்) இண்டெக்ஸ் நினைவில் வைத்திருக்கிறது. மொத்தமாகக் கோப்புகளைப் பெயர் மாற்றியிருந்தால் எது எதுவாக மாறியது என்று கண்டுபிடிக்க நேரம் போகும். தொலை பிராஞ்சைவிட (சர்வரில் உள்ள கிளையைவிட) எத்தனை கமிட் முன்னால், எத்தனை பின்னால் என்று எண்ணுவதிலும் நேரம் போகலாம், அதை 'ஸ்டேட்டஸ் அஹெட்-பிஹைண்ட்' அமைப்பில் அணைத்துவிடலாம். சப்மாட்யூல்கள் (ரெப்போவுக்குள் இருக்கும் வேறு ரெப்போக்கள்) இருந்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் தனியாக ஒரு ஸ்டேட்டஸ் ஓடும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால் கேள்வி கேட்கும் முறையையே மாற்ற வேண்டும். அதுதான் 'எஃப்எஸ்மானிட்டர்'. வீடு வீடாகக் கதவைத் தட்டி யாராவது வெளியே போனீர்களா என்று கேட்பதற்குப் பதிலாக, வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனிடம் கேட்பது போன்ற ஏற்பாடு. பின்னணியில் ஓடும் ஒரு நிரல் இயங்குதளத்தின் கோப்பு நிகழ்வுகளைக் கவனித்துக்கொண்டே இருக்கும். கிட் அதனிடம் போன முறை பெற்ற ஒரு அடையாளத்தைக் காட்டி, இதற்குப் பிறகு என்னென்ன தொடப்பட்டன என்று கேட்கும். பட்டியலில் வந்தவற்றை மட்டும் எல்ஸ்டாட் செய்யும். 2.16 பதிப்பில் இது வெளி நிரலை அழைக்கும் ஹுக்காக வந்தது, பலரும் ஃபேஸ்புக் வெளியிட்ட வாட்ச்மேன் நிரலை அதோடு இணைத்தார்கள். அதற்கான மாதிரி ஹுக் கிட்டோடேயே வருகிறது. 2022 ஜூனில் வந்த 2.37 பதிப்பில் விண்டோஸுக்கும் மேக்குக்கும் கிட்டுக்குள்ளேயே அந்த டீமன் (பின்னணி நிரல்) சேர்ந்தது. அதை அன்ட்ராக்டு கேஷோடு சேர்த்து இயக்கினால்தான் முழுப் பலன். இல்லாவிட்டால் கோப்புகளைக் கேட்பது மிச்சமாகும், டைரக்டரிகளில் அலைவது அப்படியே இருக்கும். நம்பகம் பற்றிக் கேட்டால்: நிகழ்வுகள் வெள்ளமாக வந்து சில தவறிப்போனதை டீமன் உணர்ந்தால், 'எல்லாமே மாறியிருக்கலாம்' என்று பதில் சொல்லும், கிட் பழையபடி முழுதாகத் தேடும். அந்த ஒரு முறை மெதுவாகும், தவறாகாது. நெட்வொர்க் டிரைவில் உள்ள ரெப்போவை உள்ளமைந்த டீமன் இயல்பாக ஏற்க மறுக்கும். வேறொரு கணினி செய்யும் மாற்றம் இங்கே நிகழ்வாக வந்து சேரும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதால் அந்த மறுப்பு நியாயமானது. மறுப்பை மீற அமைப்பு ஒன்று இருந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

இதெல்லாம் யாரோ சும்மா இருக்க முடியாமல் சேர்த்த வசதிகள் அல்ல. 2012இல் ஃபேஸ்புக் பொறியாளர் ஒருவர் 13 லட்சம் கோப்பும் 40 லட்சம் கமிட்டும் கொண்ட ஒரு செயற்கை ரெப்போவை உருவாக்கி, கிட் எப்படித் தாங்குகிறது என்று அளந்து கிட் உருவாக்குநர்களுக்கு எழுதினார். இண்டெக்ஸ் மட்டும் 191 எம்பி. நினைவகத்தில் எதுவும் இல்லாத நிலையில் ஸ்டேட்டஸுக்கு 39 நிமிடம், எல்லாம் நினைவகத்தில் இருக்கும்போது 24 வினாடி. ஒரே கட்டளை, ஒரே ரெப்போ. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் முழுவதும் வட்டுக்குப் போய் வந்ததுதான். அந்த நிறுவனம் அப்புறம் கிட் போன்ற இன்னொரு கருவியான மெர்க்குரியல் பக்கம் போய், வாட்ச்மேனை அதோடு இணைத்தது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸின் மூல நிரலை கிட்டுக்குக் கொண்டுவந்தபோது ஏறக்குறைய 35 லட்சம் கோப்புகள், 300 ஜிபி. ஸ்டேட்டஸுக்கு 10 நிமிடம் ஆனதாக 2017இல் அவர்களே எழுதினார்கள். கோப்பு முறைமையையே மெய்நிகராக்கி அதை 4, 5 வினாடிக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அந்த வழியைவிட எளியவற்றைக் கிட்டுக்குள்ளேயே ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். இதே வேலைக்கான பெர்ஃபோர்ஸ் என்ற கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு வேறு வழி நினைவுக்கு வரும். அங்கே கோப்புகள் வாசிப்புக்கு மட்டும் என்றே வந்து சேரும், திருத்தப் போகிறேன் என்று முன்கூட்டியே சர்வரிடம் சொல்ல வேண்டும். எது மாறியது என்று தேடும் வேலையே அங்கு பெரும்பாலும் இல்லை. கிட் அந்தச் சுமையை நம்மீது போடாமல் தானே தேடுகிறது. அந்தச் சுதந்திரத்துக்கு நாம் கொடுக்கும் விலைதான் இந்த வினாடிகள்.

2 லட்சம் என்பது அந்த அளவில் இல்லை. இருந்தாலும், உங்கள் குழுவில் ஒவ்வொருவரும் ரெப்போவின் ஒரு பகுதியில் மட்டுமே வேலை செய்கிறார்கள் என்றால் 'ஸ்பார்ஸ் செக்அவுட்' நல்ல வழி. 2020 ஜனவரியில் வந்த 2.25 பதிப்பிலிருந்து அதற்குத் தனிக் கட்டளை இருக்கிறது. வேண்டிய டைரக்டரிகளை மட்டும் வட்டில் வைத்துக்கொள்ளலாம். இல்லாத கோப்பிடம் விவரம் கேட்க வேண்டியதில்லை அல்லவா? பின்னால் வந்த 'ஸ்பார்ஸ் இண்டெக்ஸ்', வட்டில் இல்லாத டைரக்டரிகளை இண்டெக்ஸிலும் ஒரே பதிவாகச் சுருக்கிவிடுகிறது. 'ஃபீச்சர் மெனி-ஃபைல்ஸ்' என்ற ஒரே அமைப்பு, அன்ட்ராக்டு கேஷையும் இண்டெக்ஸின் 4ஆம் பதிப்பு வடிவத்தையும் சேர்த்து இயக்கும். பாதைகளின் பொதுவான முன்பகுதியைத் திரும்ப எழுதாததால் அந்த வடிவத்தில் இண்டெக்ஸ் 30 முதல் 50 சதவீதம் சிறியதாகிறது. பழைய ஜேகிட் (ஜாவாவில் எழுதிய கிட்) அடிப்படையிலான கருவிகள் ஏதாவது அதே ரெப்போவைப் படிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜேகிட் 2020இல்தான் அந்த வடிவத்தை ஏற்றது.

அமைப்புகளில் இரண்டைப் பற்றி எச்சரிக்கை. 'கோர் டிரஸ்ட்-சிடைம்' அணைக்கச் சொல்லியும் 'கோர் செக்-ஸ்டாட்' என்பதை 'மினிமல்' ஆக்கச் சொல்லியும் நிறையப் பேர் அறிவுரை தருவார்கள். பேக்கப் நிரலோ தேடல் நிரலோ சிடைமை மாற்றிக்கொண்டே இருக்கும் கணினியிலும், வெவ்வேறு கிட் செயலாக்கங்கள் ஒரே ரெப்போவைத் தொடும் இடத்திலும் இவை தேவைதான், உங்கள் கண்டெய்னரிலும் ஓரளவு உதவக்கூடும். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து செய்யுங்கள். ஒரு சோதனை ரெப்போவில் செய்து பாருங்கள்: சிடைமை நம்பாதே என்று வைத்துவிட்டு, ஒரு பழைய கோப்பில் ஓர் எழுத்தை இன்னோர் எழுத்தாக, அளவு மாறாமல், அதே இடத்தில் எழுதும்படி மாற்றுங்கள். பிறகு 'டச்' கட்டளையால் பழைய எம்டைமைத் திரும்ப வையுங்கள். ஸ்டேட்டஸ் எதுவும் மாறவில்லை என்று சொல்லும். அதே மாற்றத்தை 'செட்' நிரலின் 'இடத்திலேயே திருத்து' விருப்பத்தால் செய்தால் கண்டுபிடித்துவிடும், ஏனென்றால் அது புதுக் கோப்பை எழுதிப் பெயர் மாற்றுகிறது, ஐநோடு வேறாகிவிடுகிறது. 'மினிமல்' வைத்திருந்தால் ஐநோடும் பார்க்கப்படாது, அதுவும் தப்பிவிடும். மனிதர்கள் கையால் எம்டைமைத் திருப்பி வைப்பதில்லைதான். ஆனால் எல்லாக் கோப்புக்கும் ஒரே எம்டைம் கொடுக்கும் பில்ட் கருவிகளும் நகலெடுக்கும் கருவிகளும் இருக்கின்றன. அவற்றோடு இந்த அமைப்பைச் சேர்க்காதீர்கள்.

கடைசியாக உங்களுடன் வேலை செய்பவரின் யோசனை. அஸ்யூம் அன்சேஞ்ச்டு வேண்டாம். எல்ஸ்டாட் மிக மெதுவாக நடக்கும் கோப்பு முறைமைகளுக்காக, 'இந்தக் கோப்பை நான் தொட மாட்டேன்' என்று பயனர் கிட்டுக்குத் தரும் வாக்குறுதி அது. மேலே சொன்ன எல்லா வசதியிலும் கிட் யாரோ ஒருவரை நம்புகிறது. இயங்குதளத்தை, டைரக்டரி நேரத்தை, டீமனை. அவை தவறினால் கண்டுபிடிக்க ஒரு வழியும் வைத்திருக்கிறது. இங்கே அது நம்புவது உங்கள் குழுவில் ஒவ்வொருவரின் ஞாபகத்தை. தொட மாட்டேன் என்று சொன்ன கோப்பை ஒருவர் திருத்திவிட்டால், ஸ்டேட்டஸில் வராது, 'கமிட் -ஏ' அதை எடுக்காது. அவர் கணினியில் ஓடும், மற்றவர்களிடம் உடையும். உள்ளூர் கான்ஃபிக் மாற்றங்களை மறைக்க இதையோ 'ஸ்கிப் வொர்க்-ட்ரீ' கொடியையோ பயன்படுத்தும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. அது எதிர்பார்த்தபடி வேலை செய்யாது என்று கிட்டின் ஆவணமே வெளிப்படையாகச் சொல்கிறது.

ஏற்கெனவே யாராவது போட்டிருந்தால் கண்டுபிடிப்பது எளிது. 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்' கட்டளையை '-வி' விருப்பத்தோடு ஓட்டினால் ஒவ்வொரு கோப்புக்கு முன்னாலும் ஓர் எழுத்து வரும். சிற்றெழுத்தாக இருந்தால் அந்தக் கொடி போடப்பட்டிருக்கிறது, பேரெழுத்து எஸ் என்றால் ஸ்கிப் வொர்க்-ட்ரீ. கொடியை எடுப்பதற்கு முன் 'அப்டேட்-இண்டெக்ஸ்' கட்டளையை 'ரியலி ரெஃப்ரெஷ்' விருப்பத்தோடு ஓட்டுங்கள். கொடியைப் பொருட்படுத்தாமல் ஒவ்வொரு கோப்பையும் பார்த்து, உண்மையில் மாறியவை எவை என்று அது சொல்லிவிடும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டியதை கமிட் செய்துவிட்டு, மற்றவற்றுக்கு 'நோ அஸ்யூம் அன்சேஞ்ச்டு' கொடுங்கள். அதற்குப் பிறகும் 10 வினாடி ஆகிறதென்றால் அந்த டிரேஸ் வெளியீட்டையும் ரெப்போ எந்த மாதிரி டிரைவில் இருக்கிறது என்பதையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.